முழுதாக ஓர் ஆட்டு இதயம்

எங்கள் வீட்டுக்குள் முட்டை ஓடு கூட வந்ததில்லை. ரோஜாச் செடிக்கு நல்லது என்று பக்கத்து வீட்டில் கொடுத்ததைக் கூட வாசலோடு திருப்பிக் கொடுத்தவள் நான். அந்த வீட்டுக்குத்தான் போன வருஷம் ஒரு திங்கட்கிழமை ஆட்டின் இதயம் வந்தது. கொண்டுவந்தவளும் நானேதான்.

மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் பிரிவு. ஆய்வகத்தில் ஆட்டு இதயத்தை அறுத்துக் காட்டப் போவதாகவும், யாராவது ஒருத்தி வாங்கி வர வேண்டும் என்றும் சார் சொல்லியிருந்தாராம். எல்லாப் பெண்களும் என் மகளைக் கை காட்டிவிட்டார்கள். அவளுடைய தோழி எங்கள் வாசலில் நின்று காரணமும் சொன்னாள்.

"எங்க வூட்டுக்கு வந்தா எங்கப்பா கொழம்புல போட்டுருவாரு ஆன்ட்டி. உங்க வூட்லதான் பத்திரமா இருக்கும்."

முடியாது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். மகள் பின்னாலேயே வந்தாள்.

"ம்மா, ரத்தம் மேல போனா திரும்பி வராதாம். புக்குல வெறும் அம்புக்குறி போட்டு வெச்சிருக்காங்க. அது எப்படிம்மா வராம நிக்கிது? உள்ள ஒரு கதவு மாரி இருக்குதாம். எனக்கு அத ஒரு தடவ கண்ணால பாக்கணும்."

"உனக்கு அருவருப்பா இல்லியாடி?"

"இருக்குதுதான். அதுக்காவ பாக்காம இருக்க முடியுமா?"

நான் எட்டாவதோடு நின்றவள். எனக்கு அப்படி எதையும் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. என் வீட்டுக்காரர் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்க்கிறவர். "நெத்தி நெறைய பட்டையோட நான் கறிக்கடையில போய் நின்னா நல்லாவா இருக்கும்?" என்று சிரித்து நழுவிக்கொண்டார். கம்பெனியில் கழித்துப் போட்ட, ஓரம் விண்ட பீங்கான் தட்டு ஒன்றை மட்டும், இதயத்தை வைத்து அறுக்க ஆகுமென்று கொண்டுவந்து கொடுத்தார்.

கடைசியில் நானே போவதாயிற்று. அன்று சோமவாரம், எங்கள் ஊர்ச் சிவன் பழமலைநாதருக்கு நான் விரதம் இருக்கிற நாள். விடிந்ததும் குளித்து, திருநீறு பூசி, மூடி போட்ட டப்பாவோடு கறிக்கடைக்குப் போனேன். எங்கள் தெருக்காரி ஒருத்தி அங்கே நின்றிருந்தாள்.

"என்னாக்கா, பழமலைநாதருக்கு இன்னிக்கு கறி படையலா?"

அவளைத் தாண்டி முன்னே போனேன். கடைக்காரப் பாயிடம் டப்பாவை நீட்டி, "ஆட்டு இதயம் ஒண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு, எதிரே இருந்த டீக்கடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ரத்தவாடை, ஈ, தோலுரித்துத் தொங்குகிற உடம்பு, எதையும் பார்க்கக் கூடாது என்று மனசுக்குள் ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கட்டையில் கத்தி விழுகிற சத்தம் கேட்டது. அது வேறு யாருக்கோ என்று நினைத்தேன். கறி வாங்கிப் பழகிய யாரும் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள்.

வீட்டுப் பின்புறத்தில் மகள் டப்பாவைத் திறந்தாள்.

"ம்மா! வறுவலுக்கு வாங்கியாந்திருக்கிற!"

துண்டு துண்டாக இருந்தது. அவள் கண் கலங்கிவிட்டது. நான் மறுபடியும் ஓடினேன்.

"அறுக்காம முழுசா எதுக்குக்கா? சூனியம் கீனியம் வெக்கிறீங்களா?"

"ஸ்கூலுக்கு பாய். மேல இருக்கிற கொழாயோட வேணுமாம்."

இந்தத் தடவை நான் முகத்தைத் திருப்பவில்லை. திருப்பினால் மறுபடியும் கத்தி போட்டுவிடுவார். நெஞ்சுக் கூட்டுக்குள் கை விட்டு அவர் அதை வெளியே எடுத்ததைப் பார்த்தேன். மேலே மஞ்சள் கொழுப்பு, கீழே கருஞ்சிவப்பு. டப்பாவின் அடியில் கை வைத்தால் சூடு தெரிந்தது. வழியெல்லாம் எச்சில் ஊறிக்கொண்டே வந்தது. துப்பித் துப்பி வீடு வந்தேன்.

மத்தியானம் வகுப்பு குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. பெண்கள் வரிசையாக நிற்க, என் மகள் நடுவில் எங்கள் தட்டைப் பிடித்திருந்தாள். 'செய்முறை வழியில் கற்கும் மாணவிகள்' என்று எழுதியிருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சாயங்காலம் அவள் அதே டப்பாவோடு திரும்பி வந்தாள்.

"அறுக்கவே இல்லம்மா. போட்டோ எடுத்ததும் சார் கர்ச்சீப்ப மூக்குல வெச்சிக்கிட்டு, 'நாறுது, பின்னாடி கொண்டு போய் போட்டுட்டு வா, பரீட்சைக்கு படம் வரைஞ்சா போதும்'னுட்டாரு. பின்னாடி நாயிங்க நின்னுச்சி. எனக்குப் போட மனசு வரல."

பாய் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பிழைப்புக்கு அறுக்கிறார், வாங்குகிறவர்கள் பசிக்குத் தின்கிறார்கள். இந்த மனிதர் ஒரு போட்டோவுக்காக ஓர் உயிரின் இதயத்தை வாங்கி வரச் சொல்லி, அதையும் நாய்க்குப் போடச் சொல்லியிருக்கிறார். போனை எடுத்து அந்தப் போட்டோவை மறுபடி பார்த்தேன். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த வாந்தி அப்போதுதான் வந்தது. வெறும் வயிறு, தண்ணீராக வந்தது.

வாயைக் கொப்பளித்துவிட்டு, "தட்டை எடு" என்றேன்.

பின்புறத்தில் குழாயடியில் உட்கார்ந்தோம். நாற்றம் நிஜமாகவே தாங்கவில்லை. கட்டிக்கட்டியாக இருந்த ரத்தத்தை அவள் கழுவிவிட்டு, மேல் குழாயைப் பிளேடால் கொஞ்சம் குட்டையாக வெட்டி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

"நீ தண்ணி ஊத்தும்மா. எனக்குக் கை இல்ல."

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு தம்ளர் தண்ணீரை ஊற்றினேன். கீழே ஒழுகிவிடும் என்றுதான் நினைத்தேன். ஒழுகவில்லை. குழாய்க்குள் மூன்று மெல்லிய இதழ்கள் பை போல உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தண்ணீர் அவற்றின் மேல் அப்படியே நின்றது.

"பாத்தியாம்மா! இதான் அரைச்சந்திர வால்வு."

"சிவசிவா! அவர் தலையில இருக்கிறத இதுக்குள்ள கொண்டாந்து வெக்காதடி."

அன்றைக்கு அவள் முதல்முறையாகச் சிரித்தாள். "இன்னொரு தடவ ஊத்தும்மா" என்றாள். ஊற்றினேன். குமட்டக் குமட்ட, அவள் போதும் என்கிற வரைக்கும் ஊற்றினேன்.

தென்னைமரத்தடியில் குழி தோண்டி அதைப் புதைத்தோம். தலைக்குக் குளித்தும் கையில் வாடை போன மாதிரி இல்லை. அன்று கோயிலுக்குப் போகவில்லை, சாப்பிடவும் இல்லை. அந்தத் தட்டை இன்றுவரை நான் வீட்டுக்குள் சேர்க்கவில்லை. பின்புறச் சுவரோரம் கவிழ்த்து வைத்திருக்கிறேன். சிறுநீரகப் பாடம் நடந்தபோது அந்த சார் போட்டோவுக்குக்கூட எதையும் கேட்கவில்லை. மகள்தான் கேட்டாள். நான் போய் முகத்தைத் திருப்பாமல் நின்று வாங்கி வந்தேன்.