அறுபதிலேயே விட்டுவைத்த திரை

என் தங்கை என்னைவிட நன்றாக விளையாடுவாள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தெரிந்தது. எனக்கு மட்டும் தெரிந்திருந்தால் பரவாயில்லை. என் குழுவில் இருந்த மற்ற நால்வருக்கும் அதே நேரத்தில் தெரிந்துபோனது.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து கணினியில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுவோம். ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசியபடியே ஆடுவது. ரவாங் பட்டணத்தில் கார் பட்டறை வைத்திருந்த ஒருவன் எங்களுக்குத் தலைவன். சின்னச் சின்னப் போட்டிகளில் கலந்துகொள்வோம். அன்று ஆட்டத்தின் பாதியில் அப்பாவின் லோரி கிளம்பவில்லை. தள்ளிவிடக் கூப்பிட்டார். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த தங்கையை என் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனேன்.

இருபது நிமிடம் கழித்து வந்தபோது ஹெட்செட் அவள் கழுத்தில் கிடந்தது. அதற்குள்ளிருந்து நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"யாரு லா இது?" என்றான் தலைவன்.

"என் தங்கச்சி."

"அப்ப நீ போயி தே ஆத்து. தங்கச்சிய ஒக்கார வை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தங்கை மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கோலா சிலாங்கூர் பட்டணத்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தை இடித்தபிறகு கிடைத்த மலிவு விலை வீட்டில் அப்பா அம்மாவோடு இருந்தேன். எங்கள் வரிசையில் யார் வீட்டில் எது பழுதானாலும் என்னிடம்தான் வரும். தங்கைக்கு இருபத்து மூன்று. செரண்டாவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, தோழிகள் இருவருடன் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தாள். பூதக்கண்ணாடிக்குக் கீழே சர்க்கிட் பலகைகளை வைத்து, ஈயம் சரியாகப் பற்றாத இடத்தைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. அந்த வரிசையில் அவள் கண்ணுக்குத் தனி மரியாதை இருந்தது.

தலைவன் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. அடுத்த வாரமே அவளை மூன்று ஞாயிறு சோதித்துப் பார்க்கலாம் என்றான். அவள் நன்றாக ஆடினால் வெளியே போகிறவன் யார் என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

"ஆனா அவகிட்ட இருக்கற பழைய திரைய வச்சிக்கிட்டு முடியாது. நல்ல மானிட்டர் வாங்கச் சொல்லு" என்றான்.

தங்கை என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, எனக்கு ஒண்ணும் தெரியாது. அறுநூறு வெள்ளி சேத்து வச்சிருக்கேன். நீயே பாத்துச் சொல்லு."

நான் பார்த்துச் சொன்னேன். மூன்று வாரம், வேலை முடிந்த சாயங்காலங்களில் எல்லாம் அதைத்தான் செய்தேன். அவள் கைப்பேசியில் விளம்பரங்களை அனுப்புவாள். நான் ஒவ்வொன்றையும் தள்ளுவேன். இருபத்தேழு அங்குலத்தில் வளைந்த திரை ஒன்று கேட்டாள். விலை குறைவு, பார்க்க அழகு. ஆனால் அந்த வகையில் இருட்டான இடத்தில் எதிரி ஓடினால் அவன் பின்னால் கறுப்பாக இழுத்துக்கொண்டே போகும் என்று விளக்கினேன். பெட்டிமேல் ஒரு மில்லிசெகண்ட் என்று போட்டிருப்பதை நம்பாதே, எல்லாரும்தான் போடுகிறார்கள் என்றேன். சைபர் கஃபே மூடி விற்ற பழைய திரைகளை வாங்காதே, இரவு பகலாக எரிந்தவை என்றேன். கடைசியில் இருபத்து நான்கு அங்குலம், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத பேனல், உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் தாங்கி, நொடிக்கு நூற்று அறுபத்தைந்து முறை படத்தைப் புதுப்பிக்கும் திரை ஒன்றை வாங்கச் சொன்னேன். அந்த விலைக்கு அதைவிட நல்லது இன்றைக்கும் கிடைக்காது. அந்த மூன்று வாரமும் நான் நல்ல அண்ணனாகத்தான் இருந்தேன்.

பெட்டி வந்த சனிக்கிழமை மோட்டாரில் பத்தாங் பெர்ஜுந்தை, ரவாங் வழியாகச் செரண்டாவுக்குப் போனேன். மாட்டிக்கொடுக்க நான் வந்திருப்பது அவளுக்குப் பெருமை. எனக்கு ரொட்டி சானாய் வாங்கக் கீழே போனாள். நான் திரையைத் தாங்கியில் பொருத்தி, கம்பியைச் செருகி, கணினியை முடுக்கினேன்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சாதாரணத் திரை நொடிக்கு அறுபது முறை படத்தைப் புதுப்பிக்கும். வேகமான திரையை மாட்டினாலும் பல கணினிகள் பழைய பழக்கத்தில் அறுபதிலேயே ஓட்டும். நாமாக உள்ளே போய் ஓரிடத்தில் மாற்றினால்தான் நூற்று அறுபத்தைந்து வரும். மாற்றாவிட்டால் எந்த எச்சரிக்கையும் வராது. வேகமான திரையை முன்பின் பார்த்திராதவருக்கு வித்தியாசமும் தெரியாது. என் வீட்டுத் திரையும் அறுபதுதான், அதனால் அவளும் பார்த்ததில்லை.

அந்த இடத்தைத் திறந்து வைத்திருந்தேன். அறுபது என்று காட்டியது. மவுஸ்மேல் கை இருந்தது. ஒரே ஒரு சொடுக்கு. படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. நான் மூடிவிட்டேன்.

"எல்லாம் முடிஞ்சிதாண்ணே?"

"முடிஞ்சிது. செட்டிங் எல்லாம் நான் பாத்து வச்சிருக்கேன். நீ எதையும் நோண்டாத. கெட்டுப் போயிரும்."

அவள் உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடினாள். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பி, "எவ்ளோ ஸ்மூத்தா இருக்குண்ணே" என்றாள்.

நான் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தேன். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அதை இப்போது மறைக்க விரும்பவில்லை. அவள் சொன்னதில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சோதனை ஆட்டங்களில் தலைவன் அவளை நல்ல ஆட்டக்காரர்கள் எதிரில் நிறுத்தினான். அவர்கள் எல்லோரும் வேகமான திரை வைத்திருந்தவர்கள். மூலை திரும்பும்போது ஒரு கண்ணிமைப்பில் அவளை முந்திவிடுவார்கள். அவள் ஆட்டம் மோசம் இல்லை, என்னுடையதைவிட மேல்தான். ஆனால் புதுத் திரை வந்தால் எங்கோ போய்விடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவளும் எதிர்பார்த்தாள். அது நடக்கவில்லை. மூன்றாம் ஞாயிறு முடிந்ததும் தலைவன் எனக்குத் தனியாகச் சொன்னான். "மானிட்டர் மாத்தியும் இவ்ளோதான்னா, இதுக்கு மேல வராது லா."

அதை அவளிடம் பக்குவமாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டான். நான் அவன் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

பிறகு கேட்டாள்.

"என் கண்ணு சரியில்லையாண்ணே?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அவளை அந்த இடத்துக்கு நான் தள்ளவில்லை, அவளாகவே வந்து நின்றாள். அங்கிருந்து கையைப் பிடித்துத் திருப்பி அழைத்து வந்திருக்கலாம்.

"இருக்கலாம். ஒன் வேலையே கண்ணக் கெடுக்கற வேலைதான" என்றேன்.

ரவாங்கில் கண்ணாடிக் கடைக்குப் போய்ச் சோதித்தாள். ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அதையும் எனக்குத்தான் முதலில் சொன்னாள். "மெசின் எழுத்து தெரியுதான்னு பாக்கும். வேகத்தப் பாக்காது" என்றேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

மறக்கவில்லை. வேலையில் ஒரு பலகையை ஒருமுறை பார்த்துத் தள்ளுகிறவள், இரண்டு முறை பார்க்க ஆரம்பித்தாள். பிறகு மூன்று முறை. அவள் முன்னால் பலகைகள் தேங்கின. சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கேட்டார். கண்ணில் ஏதோ குறை இருக்கிறது, தப்பாக விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்று அவளே சொல்லியிருக்கிறாள். அவளே எழுதிக் கொடுத்து பேக்கிங் பகுதிக்கு மாறினாள். நாள் முழுக்க நின்றுகொண்டு பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் வேலை. சம்பளமும் குறைவு.

அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். "நல்ல வேலைய விட்டுட்டா. கண்ணு தெரியலியாம். இந்த வயசுல என்ன கண்ணு தெரியாம போவுது?"

"கம்ப்யூட்டர் ஓவரா பாத்தா அப்படித்தான் ஆவும்" என்றேன்.

அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் அவள் பழைய இடத்துக்குத் திரும்பியிருப்பாள். நான் யோசித்தேன். அவள் மறுபடி ஆட வந்தால் குழுவில் என் இடம் என்ன ஆகும் என்றுதான் யோசித்தேன்.

அடுத்த மாதம் அவள் கூப்பிட்டு, திரையை நானே எடுத்துக்கொள்ளட்டும் என்றாள். "நான் இனிமே வெளையாடல. நீ பாத்து ஏதாச்சும் குடுண்ணே." வாங்கிய விலையில் பாதி கொடுத்தேன். அதற்கு நன்றி என்று செய்தி அனுப்பினாள். வீட்டில் என் மேசையில் மாட்டியதும் நான் முதலில் செய்தது அந்த ஒரு சொடுக்குதான். நூற்று அறுபத்தைந்து. திரை எண்ணெய் தடவியதுபோல் ஓடியது.

தீபாவளிக்கு முந்தின நாள் அவள் வீட்டுக்கு வந்தாள். அம்மா அடுப்படியில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். பேருந்து நேரம் பார்க்க வேண்டும் என்று என் அறைக்குள் வந்து, என்னிடம் கேட்டுவிட்டு மவுஸைத் தொட்டாள்.

தொட்டதும் கை நின்றது. மறுபடி நகர்த்தினாள். அம்புக்குறியை ஒரு வட்டம் சுற்றினாள், இன்னொரு வட்டம் சுற்றினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. செட்டிங்கைத் தேடித் திறந்தாள். நான் கண்டுபிடிப்பதைவிட வேகமாகக் கண்டுபிடித்தாள். அறுபதுக்கு மாற்றினாள், வட்டம் போட்டாள். நூற்று அறுபத்தைந்துக்கு மாற்றினாள், வட்டம் போட்டாள். பலகையில் ஈயம் பற்றாத இடத்தைத் தேடும்போதும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றியது.

"என் ரூம்ல இது அறுபதுல இருந்துச்சு."

"ம்."

"மறந்துட்டியாண்ணே?"

ஒரு பொய்க்கு இடம் விட்டுக் கேட்டாள். ஆமாம் என்றிருந்தால் நம்பியிருப்பாளோ என்னவோ. நம்பியதாகக் காட்டிக்கொண்டிருப்பாள்.

"இல்ல" என்றேன்.

ஏன் உண்மையைச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மனசாட்சி என்று சொல்ல ஆசைதான். ஆனால் அப்போது எனக்குள் இருந்தது அது இல்லை. செய்தது நான்தான் என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்று இருந்தது.

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அம்மாவோடு உட்கார்ந்து முறுக்கு பிழிந்தாள். பேச்சுச் சத்தம் கேட்டது. அம்மாவிடம் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மறுநாள் காலையில் நான் தலைக்கு எண்ணெய் வைக்க எனக்கு முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்தவள், முடிந்ததும் வழக்கமாகத் தொட்டுக் கும்பிடும் என் காலைத் தொடவில்லை. யாரும் கவனிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் திரையைப் பெட்டியில் போட்டு மோட்டாரில் கட்டிக்கொண்டு செரண்டாவுக்குப் போனேன். மேலே கூப்பிடவில்லை. அவளே இறங்கி வந்து கேட்டுக்கு உள்ளே நின்றாள்.

"இது ஒன்னுது. எடுத்துக்க."

"வேணாம். புதுசு வாங்கிட்டேன். கடைக்குப் போயி, மாட்டிக் காட்டச் சொல்லி, நானே பாத்து வாங்கினேன்."

"வேலை?"

"இன்ஸ்பெக்‌ஷனுக்குத் திரும்பிக் கேட்டேன். ஆள் போட்டுட்டாங்களாம். காலியானா சொல்றேன்னாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "கண்ணு தெரியலன்னு நானே எழுதிக் குடுத்தது ஃபைல்ல இருக்குண்ணே. அத என்னா பண்றது?"

அவள் கேட்டைத் திறக்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. நானாகத்தான் மோட்டாரைத் திருப்பினேன்.

இப்போது வேறு ஒரு குழுவில் ஆடுகிறாள். பேக்கிங்கில்தான் இருக்கிறாள். வீட்டுக்கு வந்தால் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். போன மாதம் அவள் கைப்பேசி கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது. கோலா சிலாங்கூரில் என் கடைக்கு எதிர் வரிசையில் இன்னொரு கடை இருக்கிறது. அங்கே கொடுத்துவிட்டு, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். என் முதலாளி பார்த்துவிட்டு, "அது ஒன் தங்கச்சி இல்ல?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.