எண்பது டிகிரியில் வெந்த பாய்மரம்

லாரிச் சட்டங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் பிளான்ட் மேனேஜர் பெங்களூரில் யாரோ கழித்துக்கட்டிய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி வந்தார். இருவர் போகலாம். இரண்டாவது இடம் யாருக்கு என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிட்டேன். கடலையே இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு வருடமாகப் பாய்மரப் படகு வீடியோக்கள் பார்த்தே தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டவள்.

“அப்ப மாஸ்ட்ட நீயே ரெடி பண்ணிடும்மா. கண்ணாடி மாதிரி இருக்கணும். ஞாயித்துக்கிழம நீயும் நானும் தண்ணியில.”

கண்ணாடி! ரிசப்ஷன் தரை, கேன்டீன் தட்டு, தன் ஷூ, எதைப் பார்த்தாலும் மனிதருக்கு அந்த ஒரே அளவுகோல்தான்.

மாஸ்ட், அதாவது பாயைத் தாங்கும் கம்பம், பதினெட்டு அடி. எடை குறையட்டும் என்று இரண்டு பாதிகளை உள்ளே குடைந்து ஒட்டிய மரம். பழைய வார்னிஷ் வெயிலில் உரிந்து, அடிப்பாகம் தண்ணீர் குடித்துக் கறுத்துப்போயிருந்தது. செய்ய வேண்டியதைப் படித்து வைத்திருந்தேன். பழையதைச் சுரண்டி, மரத்தைக் காயவிட்டு, வார்னிஷில் டர்பென்டைன் கலந்து முதல் பூச்சைத் தண்ணியாக இழுக்க வேண்டும். மரம் அதைக் குடித்துக் காய்ந்த பிறகே அடுத்தது. அடிமுனையையும் திருகுத் துளைகளையும் அடைக்க மறக்கக் கூடாது, ஈரம் அங்கேதான் நுழையும். மரம் வளைந்தால் கூடவே வளைகிற வார்னிஷ் வேண்டும். எல்லாம் சேர்த்து இரண்டு வாரம்.

“ரெண்டு வாரமா? நம்ம லைன்ல லாரிச் சட்டமே ஒரு மணி நேரத்துல வெளிய வந்துடுது. கிளியர் கோட் அடி, ஓவன்ல விடு.”

அடித்த பெயின்ட்டைச் சூட்டில் காயவைக்கும் அந்த ஓவனை இயக்கும் ஆப்பரேட்டர் அண்ணன் தலையைச் சொறிந்தார். “இது இரும்பில்ல சார், மரம். உள்ள ஈரம் இருந்தா வேர்த்துக்கும்.”

“எண்பது டிகிரிதான்பா. சூடம்கூட அதவிட சூடு.”

சூடத்தையும் பாய்மரத்தையும் ஒரே மூச்சில் பேசத் தெரிந்தவரைத்தான் எங்களுக்கு மேனேஜராக வைத்திருந்தார்கள். பழைய பசை அந்தச் சூட்டைத் தாங்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் “சரி சார்” என்றேன். அந்த இடம் கைவிட்டுப் போய்விடுமே என்ற பயம். எட்டு மாதத்தில் நான் பழுதில்லாமல் கற்றது அந்த இரண்டு சொற்களைத்தான்.

கிளியர் கோட்டை, அந்த நிறமில்லாத பளபளப்புப் பூச்சை, அடித்து உள்ளே விட்டேன். ஓவன் திறந்தது. பளபளப்புக்குக் குறைவில்லை. அதற்கடியில் கொப்புளம் கொப்புளமாக மரம். ஒட்டு ஒரு கை நீளத்துக்குப் பிளந்து, ஐந்து ரூபாய் நாணயத்தைச் செருகலாம் போல நின்றது.

“ஏம்மா, என்னாத்துக்கு இத்தினி படிச்சீங்க? அப்பளம் பொரிக்கவா?” என்றார் அண்ணன்.

மேனேஜர் அசரவில்லை. “பட்டி வச்சு தேய். மேல இன்னொரு கோட்.”

பட்டி மாவை அப்பி மூட, கார் கதவில் விழுந்த நசுங்கலா இது? அன்று மாலையே அவர் அறைக்குப் போனேன். “காத்துல மாஸ்ட் வளையும் சார், பட்டி வளையாது. ஒடையும். இதுல நான் ஏற மாட்டேன்.”

“பயமா?”

“ஆமா சார்.”

மறுநாளே படகில் என் இடம் எச்.ஆர். அதிகாரிக்குப் போனது. பட்டியை வேறு யாரோ வைத்தார்கள்.

கெலமங்கலம் தாண்டி ஒரு ஏரி. ஞாயிறு காலை வேனில் மாஸ்ட்டைக் கொண்டுவந்த அண்ணனோடு நான் கரையில் நின்றேன். முதலில் அரை மணி நேரம் போட்டோ. பிறகு லைஃப் ஜாக்கெட்டும் கூலிங் கிளாஸுமாக இருவரும் ஏறினார்கள். ஐம்பதடி போயிருப்பார்கள். காற்று பாயை ஒரு தள்ளுத் தள்ளியது. ‘டப்’. பட்டி பாளமாகத் தெறித்தது, மாஸ்ட் பிளந்து சாய்ந்தது, பாய் எச்.ஆர். தலையில் போர்வையாக விழுந்தது. இருவரும் கையால் தண்ணீரைத் துழாவிக்கொண்டே திரும்பினார்கள். சிரிக்கக் கூடாதுதான். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

முழங்கால்வரை சேறோடு மேனேஜர் கரையேறினார். “பட்டிய ஒழுங்கா தேய்க்கல. அடுத்த வாரம் நீ வா.”

“எதுல சார்?”

“அலுமினியம் பைப் போட்டுடலாம். பாலிஷ் பண்ணா கண்ணாடி மாதிரி இருக்கும்.”

“இதையே பிரிச்சு ஒட்டுறேன் சார். ரெண்டு வாரம் குடுங்க. ஓவன் வேணாம். அதுல ஏறுறேன்.”

அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. எச்.ஆரைக் கூப்பிட்டு, பைப்புக்கு அளவெடுக்கச் சொன்னார்.