ஊர் அவிழ்த்த கட்டு

என் வீட்டுக்காரர் சிங்கப்பூர்க்காரர். துறைமுக ஆபீஸ் வேலைக்குப் பினாங்குக்கு மாற்றலாகி வந்தவர், சாயங்காலங்களில் பந்து விளையாடப் போனார். அதோடு எங்கள் வீட்டுக் கதவைச் சாத்த வழியில்லாமல் போயிற்று. சூலியா தெருவில் அவரோடு நடந்தால் கடைக்குக் கடை நிற்க வேண்டும். சீனக் கடைக்காரர் ஆரஞ்சை நீட்டுவார். ரிக்‌ஷாக்காரர் வண்டியை நிறுத்திவிட்டுப் போன வாரம் இவர் போட்ட கோலைப் பற்றிப் பேசுவார். இவருக்கோ யாரிடமும் முகம் திருப்பத் தெரியாது. எனக்குப் பிடித்த குணம் அதுதான், என் கோபமெல்லாம் அதன்மேல்தான்.

ஒருநாள் பாடாங் மைதானத்தில் ஆடும்போது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் பலகை வைத்துக் கட்டி அனுப்பினார்கள். தான் சொல்லும்வரை அந்தக் கட்டின்மேல் யாரும் கைவைக்கக் கூடாது, எலும்பு நேராகக் கூடினால் மறுபடி ஓடலாம் என்றார் டாக்டர். நான் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வீடு கொள்ளாத கூட்டம். பக்கத்துச் சோற்றுக்கடை முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், கெலுகோரிலிருந்து ஒரு மலாய் வைத்தியரை அழைத்து வந்தார். எண்ணெய் போட்டு நீவினால் சீக்கிரம் கூடிவிடும் என்று நானாவுக்கு உறுதி. நான் வாசலை மறித்து நின்றேன்.

"விடு, ஆசையா கூட்டிட்டு வந்திருக்காரு," என்றார் இவர் உள்ளேயிருந்து.

கட்டை அவிழ்த்தார்கள், நீவினார்கள், மறுபடி கட்டினார்கள். செய்தி பரவியதும் மற்றவர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. கூட விளையாடும் சீனப் பையன்கள் அவர்கள் வைத்தியரோடு வந்தார்கள். கடைசியில் என் அப்பாவே ஒரு தைலக்காரரைக் கூட்டி வந்து நின்றார். ஒருத்தருக்கு அவிழ்த்துவிட்டு இன்னொருத்தருக்கு எப்படி மறுப்பது என்று இவர் என்னையே கேட்டார். நான் சமையலறையில் பாத்திரங்களோடு சண்டை போட்டேன். வேறு யாரோடு போடுவது?

டாக்டர் சொன்ன நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. இனி ஓட முடியாது என்று சொல்லிவிட்டு, கட்டை யார் அவிழ்த்தது என்று கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"நான்தான் டாக்டர். அரிப்பு தாங்கல."

டாக்டர் திட்டியதையெல்லாம் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, யாரிடமும் சொல்லிவிடாதே, தெரிந்தால் அவர்கள் தாங்கமாட்டார்கள் என்றார். அழுதுகொண்டே சொன்னார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வரவில்லை, ஊரையே எரிக்கலாம் போலிருந்தது.

அரிப்புக் கதை ஊரெல்லாம் பரவியது. தங்கள் வைத்தியர் சரியாகத்தான் செய்தார் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். இவர் காலை இழுத்து இழுத்து ஆபீசுக்குப் போகத் தொடங்கிய பிறகு, ஒருநாள் நானா வந்தார். மனுஷனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"கொஞ்சம் பொறுத்திருக்கலாம் தங்கச்சி. எங்க எல்லார் ஆசையிலயும் மண்ணப் போட்டுட்டாரு."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

"தப்புதான் நானா," என்று உள்ளேயிருந்து இவர் குரல் வந்தது.