பதினொரு நாள் தங்கையின் அக்கா

எங்கள் தீவில், இளையது பிறந்த அன்றே மூத்ததன் பெயர் வீட்டுக்குள் தேய்ந்துபோகும். பெற்றவர்களே அண்ணா, அக்கா என்றுதான் அழைப்பார்கள். படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கும் ஹமாசே சயோரிக்கு நாலு வயதில் தங்கை பிறந்தாள். மியோ என்று பெயர் வைத்தார்கள். பதினொரு நாள் இருந்தாள்.

குழந்தை போனது, அக்கா என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. "அக்கா, தங்கச்சிக்குச் சோறு வை" என்று அம்மா தினமும் காலையில் சொல்வாள். சயோரி பூஜை மாடத்தில் கட்டைவிரல் அளவுக் கிண்ணத்தை வைப்பாள். ஆவி மேலே போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். யாரோ வந்து சாப்பிடுவதுபோலவே இருக்குமாம். அப்பா இறந்தபோதுகூட "அக்கா" என்றுதான் கடைசியாகக் கூப்பிட்டார்.

துறையை ஒட்டி நான் ஊடோன் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதனால் இதெல்லாம் தெரியும்.

படகில் எஞ்சின் பார்ப்பவர் குவாடா இசாமு. ஆறு வருஷமாக அவளைக் குடும்பப் பெயரால் "ஹமாசே ஸான்" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார். ஒரு மார்ச் மாதம் பனி இறங்கிக் கடலே காணாமல் போயிற்று. படகு ஓடவில்லை. வெளியே சங்கு மட்டும் எங்கிருந்தோ ஊதிக்கொண்டிருக்க, சீட்டு அறையில் நாங்கள் மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"சயோரி ஸான், டீ ஆறிடுது" என்றார் இசாமு, முதல் முறையாக அவள் சொந்தப் பெயரைச் சொல்லி.

அவள் திரும்பவே இல்லை. நான்தான் இடித்தேன். "உன்னைத்தான்டி!"

"என்னையா? வேற யாரோ உள்ள வந்துட்டாங்கன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு, நிஜமாகவே வாசலைப் பார்த்தாள். அங்கே பனிதான் நின்றிருந்தது.

அந்த இலையுதிர் காலத்தில், கட்டிக்கொள்ளப் போகிறவர் என்று அம்மாவிடம் காட்ட அவரை வீட்டுக்கு அழைத்துப் போனாள். அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று, அவருக்கு நாற்பத்தாறு. அம்மா அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். ஆரஞ்சை உரித்துக் கையில் கொடுத்தாள்.

"அண்ணா, சாப்பிடுங்க. ரொம்ப இனிப்பு."

எங்கள் தீவில் அக்காவைக் கட்டுகிறவரும் தங்கைக்கு அண்ணாதான். சயோரிக்கு முகம் வெளிறிப்போயிற்று. திரும்பிப் போகும்போது சரிவுப் பாதையில் அவரை நிறுத்தினாள்.

"அம்மா உங்களை யாருக்கு அண்ணன் ஆக்கினாங்க தெரியுமா?"

மியோவைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். கீழே கடலில் படகு விளக்குகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. அவர் அந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிடிக்கவில்லை போலிருக்கிறது, முடிந்தது கதை என்று நினைத்தாளாம்.

"வீட்ல அஞ்சு பேர்ல நான் கடைசி," என்றார் அவர். "இந்த வயசுவரைக்கும் என்னை ஒருத்தரும் அண்ணான்னு கூப்பிட்டதில்ல. கேக்க நல்லா இருந்துச்சு."

மறுநாள் முதல் படகுக்கு முன்னால் தனியாகவே அந்த வீட்டுக்குப் போனார். ஊதுவத்தி ஏற்றி, மாடத்துக்கு முன்னால் முழங்காலிட்டு, "மியோ சான், நான் இசாமு. இனிமே இங்கதான் வந்து போவேன்" என்றார். 'சான்' என்பது சின்னக் குழந்தையைக் கூப்பிடுகிற செல்லச் சொல். மாடத்துக்கு முன்னால் அழுது நாங்கள் பார்த்திராத அம்மா, அன்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வசந்தத்தில் கல்யாணம் நடந்தது, சயோரியின் குடும்பப் பெயரும் குவாடா என்று மாறியது. இப்போது மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அவர் இன்னும் "சயோரி ஸான்" என்றுதான் சொல்கிறார். இப்போதெல்லாம் முதல் அழைப்பிலேயே திரும்பிவிடுகிறாள். சண்டை வந்தால் மட்டும் அவள் பழையபடி விறைத்துக்கொண்டு "குவாடா ஸான்!" என்பாள்.

போன வாரம் ஈரத் துண்டைப் பாயில் போட்டதற்குச் சண்டை. என் கடைக்கு நேர் மேலே சரிவில்தான் அவர்கள் வீடு, எனக்கு அடுப்படிவரை கேட்டது.

"குவாடா ஸான், இது வீடா, எஞ்சின் ரூமா?"

"எந்தக் குவாடாவைக் கேக்கறீங்க? இப்ப நீங்களும் குவாடாதானே!"

உள்ளறையிலிருந்து அம்மா சிரிக்கிற சத்தம் வந்தது. பிறகு சயோரியும் சிரித்துவிட்டாள்.