தேனீக்கள் வீடு தேடிய காலை

சில வருடங்களுக்கு முன், ரப்பர் மரங்கள் புதுத் தளிர் விட்டிருந்த ஒரு மாசி மாதம். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கூட்டைவிட்டுப் பிரிந்த தேனீக் கூட்டம் தனக்குப் புது வீட்டை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்று சமன்பாடுகள் எழுதிப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. வேடிக்கை என்னவென்றால், அப்படியொரு கூட்டத்தை நான் நேரில் பார்த்ததே இல்லை. எல்லாம் கணினித் திரையில் ஊரும் புள்ளிகள்தான். எங்கள் ஊரில் யார் விட்டுவைப்பார்கள்? கண்டவுடன் பிடித்துத் தேன்பெட்டியில் அடைத்துவிடுவார்கள்.

அன்று என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. படிப்பு முடியட்டும் என்று நானும், படித்தது போதும் என்று தாய்மாமாவும் ஒரு வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டில் மாமா சொன்னால் சொன்னதுதான்.

காலையில் முற்றத்துப் பலாக்கிளையில் தேனீக்கள் கொத்தாக வந்து தொங்கின. மாமா தேன்பெட்டியோடு ஓடிவந்தார். பிடிக்க வேண்டாம், அவையே வீடு தேடுவதைப் பார்க்க வேண்டும் என்று நான் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். முறைத்தார்.

"செரி, இந்தப் பெட்டியும் ஒரு வீடா கெடக்கட்டும். அதுக பாத்துத் தீர்மானிக்கட்டு மக்கா" என்று விளையின், அதாவது எங்கள் தோட்டத்தின், மறுகோடியில் கொண்டுபோய் வைத்தார்.

பிறகு நடந்ததெல்லாம் கனவு மாதிரிதான் இருந்தது. பட்டுப்புடவையோடு நாற்காலிமேல் ஏறி நின்றேன். இளவெயிலில் கொத்து முழுவதும் பொன்னாக மினுங்கியது. பெட்டியைப் பார்த்து வந்த தேனீக்கள் அது இருக்கும் திசையைக் காட்டி, கொத்தின்மேல் உடம்பை ஆட்டி ஆட்டி ஆடின. மலைப்பக்கம் எதையோ கண்டுவந்தவை வேறு திசை காட்டி ஆடின. மாமா கீழே நின்று கேட்டுக்கொண்டே இருந்தார், நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். என் படிப்பைப் பற்றி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

மெல்ல மெல்ல, பெட்டிக்காக ஆடியவை ஆட்டத்தைக் குறைத்து ஓய்ந்தன. எதுவும் அவற்றைத் தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் முற்றம் முழுக்க ரீங்காரம். கூட்டம் மொத்தமும் எழுந்து, ரப்பர் தோட்டத்துக்கு மேலே மிதந்து, மலைப்பக்கமாகப் போய் மறைந்தது. எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது.

மாமா காலிப் பெட்டியைத் தூக்கிவந்து இறக்கினார். கோபப்படுவார் என்று பயந்தேன். அவரோ போனை எடுத்து மாப்பிள்ளை வீட்டாரை அழைத்தார்.

"இப்பம் வரண்டாம். பிள்ளைக்குப் படிப்பு பாக்கி கெடக்கு. முடிச்ச பொறவு பேசுவம்."

ஒவ்வொரு தேனீயின் ஆட்டமும் நேரம் போகப்போகத் தணிவதற்கு என் சமன்பாட்டில் ஓர் எண் உண்டு. அதற்குச் 'சோர்வு' என்று பெயர் வைத்திருந்தேன். இப்போது அந்த எண்ணைத் தொடும்போதெல்லாம், தோற்றுப்போகாமலே எனக்கு விட்டுக்கொடுத்த மாமாவின் முகம்தான் கண்முன் வருகிறது.