கல்யாண கேசட்டில் என் கை

என் கல்யாண வீடியோவை மாமியார் வீட்டில் யாரும் ஆசைப்பட்டுப் பார்த்தது கிடையாது. துப்புத் துலக்கத்தான் பார்த்தார்கள்.

அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. பிள்ளையார்பாளையத்தில் வீடு. வீட்டுக்காரருக்குப் பட்டுப்புடவைக் கடையில் வேலை. நாள் முழுக்கப் புடவையைப் பிரித்துக் காட்டிவிட்டு மறுபடி மடித்து வைப்பார். அத்தை, அதாவது என் மாமியார், வீட்டில் ராட்டை வைத்துப் பட்டு நூல் சுற்றுவார். ஒருநாள் எனக்கு வயிற்றில் வலி. "சூடு பிடிச்சுக்கினு இருக்குது, வெந்தயத்தை முழுங்கு" என்றார் அத்தை. முழுங்கினேன். நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோவதற்குள் குடல்வால் வெடித்துச் சீழ் உள்ளே பரவிவிட்டது. உடனே ஆபரேஷன்.

ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. அதற்குப் பிறகுதான் கூத்து. காய்ச்சல் இறங்கவில்லை. படுத்தால் மூச்சு வரவில்லை. தலையணையை அடுக்கி உட்காரவைத்தால் கொஞ்சம் வந்தது. கால் இரண்டும் வீங்கிப்போச்சு. நெஞ்சில் பசை மாதிரி எதையோ தடவி ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்த டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவ்வளவுதான், செத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா, வீட்டுக்காரர், அத்தை மூன்று பேரையும் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி டாக்டர் சொன்னார்: "இருதயம் சரியா அமுக்கித் தள்ள மாட்டேங்குது. கிருமி ரத்தத்துல கலந்ததுல அந்தத் தசை அசந்து போயிருக்கலாம். அப்படின்னா பெரும்பாலும் பழையபடி திரும்பிடும். மாத்திரை தரேன். கொஞ்ச வாரம் கழிச்சு மறுபடி ஸ்கேன் எடுப்போம்."

"முன்னாடியே இருந்திருக்குமா டாக்டர்?" என்று அத்தை கேட்டார்.

"இப்பவே அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. அந்த ஸ்கேன்ல தெரிஞ்சிடும்."

டாக்டர் நல்ல மனுஷர்தான். ஆனால் "இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா! வராந்தாவில் அத்தை பேசியது எனக்குக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் பேசினார். "வயித்துல கத்தி வெச்சா நெஞ்சு எப்படிப்பா கெடும்? கெட்ட நெஞ்சு எப்படித் தானா நல்லாவும்? காதுல பூ சுத்தறாங்க. முன்னாடியே இருந்திருக்குது. மறைச்சு நம்ம தலையில கட்டிட்டாங்க."

வீட்டுக்காரர் பதில் பேசவில்லை. அவர் ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

டிஸ்சார்ஜ் ஆனதும் நேரே தென்னேரிக்கு, அப்பா வீட்டுக்கு அனுப்பினார்கள். "ஸ்கேன் வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் அத்தை. ஸ்கேன் மோசமாக வந்தால் நீ வரவேண்டாம் என்பதை மரியாதையாகச் சொன்னார், அவ்வளவுதான். என் வாழ்க்கையும் அப்பாவின் பேரும் அந்த ஒரு ஸ்கேனில் தொங்கிக்கொண்டிருந்தன. அப்பா கவர்மென்ட் பஸ்ஸில் கண்டக்டர். வாலாஜாபாத் ரூட்டில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. நோயாளிப் பெண்ணை ஏமாற்றிக் கட்டிவைத்தவன் என்று ஒருத்தர் சொன்னால் போதும், அந்தப் பேச்சு அவருடைய பஸ்ஸிலேயே ஏறி ஊர் ஊராக இறங்கும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தார். உட்கார்ந்தார், எழுந்தார், ஃபேனைப் பார்த்தார். கடைசியில் கேட்டேவிட்டார். "உனக்குக் கல்யாணத்தன்னிக்கே நெஞ்சுல ஏதாவது பண்ணுச்சா?"

"ஏன்?"

"பக்கத்து வீட்டு வீடியோ டெக்கை வாங்கி நம்ம கல்யாண கேசட்டைப் போட்டாங்க அம்மா. மணையில உக்காந்துக்கினு இருக்கும்போது நீ திடீர்னு நெஞ்சுல கைய வெச்சு அமுக்கற. அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டறாங்க. தெருவே பார்த்துடுச்சு."

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. "உங்களுக்கும் துப்புத் துலக்கற வேலை வந்துடுச்சா? கிளம்புங்க" என்று சாத்துக்குடியைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன்.

அனுப்பிவிட்டேனே தவிர, அந்தக் கை என்னை விடவில்லை. ஏன் வைத்தேன்? புகை, வேர்வை, முகத்துக்கு நேரே அந்த வீடியோக்காரன் லைட்டு. யோசித்து யோசித்துப் பார்த்தும் ஞாபகம் வரவில்லை. நிஜமாகவே வலித்திருக்குமோ? பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் கொடுத்தபோது அப்பா வேண்டாம் என்றாரே, எதற்கு? அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே செத்துப்போனவள். மஞ்சள் காமாலை என்று அப்பா சொல்வார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். ஏன் சொல்லமாட்டார்? சந்தேகம் வந்துவிட்டால் பெற்றவர் மூஞ்சிகூட வேறு மாதிரிதான் தெரிகிறது.

டியூட்டிக்குக் கிளம்பத் தோல்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார் அப்பா. "அம்மா எதுலப்பா செத்தாங்க?" என்றேன்.

"மஞ்சக்காமாலை. எத்தனை தடவை சொல்றது?"

"நெஞ்சுல ஒண்ணும் இல்லையே?"

துடைத்த கை நின்றது. "நீயுமா பாப்பா?" என்றார். தட்டில் போட்டுவைத்த சோற்றைத் தொடாமலே போய்விட்டார்.

ஸ்கேன் நாளில் வீட்டுக்காரரோடு அத்தையும் வந்திருந்தார், சாட்சிக்கு. அதே டாக்டர், அதே பசை. இந்தத் தடவை நடுவிலேயே என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா அமுக்குதும்மா. பழையபடி ஆயிடுச்சு. அன்னிக்குக் கிருமிதான் வேலையைக் காட்டியிருக்குது. பழைய வியாதியா இருந்தா இவ்ளோ சீக்கிரம் இப்படித் திரும்பியிருக்காது."

அப்பா கையைக் கூப்பினார். "சார், அதை மாப்பிள்ளைக்குக் கேக்கற மாதிரி இன்னொரு தடவை சொல்லிடுங்க." டாக்டர் சொன்னார்.

அத்தோடு முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் நினைத்தேன். அன்று சாயங்காலமே அப்பா என்னைப் பிள்ளையார்பாளையத்தில் கொண்டுவந்து விட்டார். வீட்டுக்குள் நுழைந்து நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை ஆரம்பித்தார்.

"அப்போ நெஞ்சுல ஒண்ணுமே இல்ல. உடம்பு வணங்காம படுத்துக்கினு மூச்சு வாங்கற மாதிரி நடிச்சிருக்கா. கல்யாணத்துலயே நடிப்பு ஆரம்பிச்சுடுச்சு. வாங்க சம்பந்தி, நீங்களே பாருங்க."

அடிப்பாவி! முந்தாநாள்வரை வியாதிக்குச் சாட்சி சொன்ன அதே கேசட் இப்போது நடிப்புக்குச் சாட்சி. டெக்குக்குச் சொந்தக்காரியான பக்கத்து வீட்டு அக்காவும் வந்து உட்கார்ந்துவிட்டார். அத்தை கேசட்டைப் பின்னால் ஓட்டினார். ஆத்திரத்தில் வழக்கமாக நிறுத்துகிற இடத்தைத் தாண்டி ரொம்பப் பின்னால் ஓட்டிவிட்டார்.

படம் ஓடியது. நான் குனிந்து மணையில் உட்கார்ந்திருக்கிறேன். பின்னாலிருந்து அத்தை வருகிறார். என் மாலையைச் சரிசெய்கிறார். சரிசெய்கிற சாக்கில் இரண்டு விரலை உள்ளே விட்டு என் கழுத்துச் சங்கிலியை வெளியே இழுக்கிறார். திருப்பிப் பார்க்கிறார். கட்டைவிரல் நகத்தால் சுரண்டுகிறார். இன்னொரு இழுப்பு இழுத்ததில் கொக்கி விட்டுக்கொள்கிறது. சங்கிலி கீழே நழுவுகிறது. நான் சட்டென்று நெஞ்சில் கையை வைத்து அமுக்கிக்கொள்கிறேன்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. பக்கத்து வீட்டு அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"என்னம்மா பண்ற நீ அங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"மாலைய சரி பண்றேன்" என்றார் அத்தை.

வீட்டுக்காரர் எழுந்துபோய் டெக்கை நிறுத்தினார். அப்பா மெதுவாகச் சொன்னார்: "அது இவ அம்மாவோடது சம்பந்தி. கேட்டிருந்தா தங்கமான்னு உரசிப் பாக்க நானே கழட்டிக் குடுத்திருப்பேனே."

காபி வந்தது. அப்பா குடிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். எந்த பஸ் எப்போது என்று அவருக்கா தெரியாது? நேரம் இருந்தது. நானும் கூடவே தெருமுனைவரை நடந்தேன். அம்மாவைப் பற்றிக் கேட்டதற்கு ஏதாவது சொல்லவேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்ல வரவில்லை.

"எதுக்கு இவ்ளோ வேகமா நடக்கற?" என்றார் அப்பா.

"நல்லாயிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரே அப்பா. நீங்கதானே ரெண்டு தடவை சொல்லவெச்சீங்க."

"சொன்னாரு, சொன்னாரு" என்றார். பிறகு நின்று என் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று ஒரு பார்வை பார்த்தார். "நீ மெதுவாவே நட."