எடைக்கு இறங்கியவர்

நான் வேலை பார்த்த விமானக் கம்பெனியிடம் இருந்ததே ஒரு விமானம்தான். ஒன்பது இருக்கை. அந்தமானில் தீவுக்குத் தீவு பறந்தது. விமானம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும், எங்கள் செங்கல்பட்டு ஷேர் ஆட்டோவுக்கு இறக்கை முளைத்த மாதிரி. பயணிகளைப் பையோடு எடை மிஷினில் ஏற்றி நிறுப்பது என் வேலை. பெரிய பெரிய அதிகாரிகளையே மூட்டையைக் குறைத்துவிட்டு வரச் சொல்லி விரட்டியிருக்கிறேன்.

நோயாளியைப் படுக்கையோடு கொண்டுவந்தால் எடை இடிக்கும். “யாராச்சும் எறங்குங்க” என்பேன். முணுமுணுக்காமல் இறங்குவார்கள். கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள்கூட இறங்கியிருக்கிறார்கள். நாளைக்குத் தங்களுக்கும் யாராவது இறங்குவார்கள் என்ற நம்பிக்கைதான்.

ஒருநாள் இன்ஜின் பழுதானது. உதிரிபாகம் வருகிறது, வருகிறது என்றார்கள். கடைசியில் கம்பெனியையே மூடிவிட்டார்கள். எனக்கு மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் வேலை கிடைத்து ஊர் திரும்பினேன். தீவில் எலெக்ட்ரீஷியனாக இருந்த என் வீட்டுக்காரர், கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று தங்கிவிட்டார்.

போன மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சுவலி. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும் என்றார் தீவு டாக்டர். கடல் கொந்தளிப்பில் படகு ஓடவில்லை. மிச்சம் இருந்தது அரசாங்க ஹெலிகாப்டர். யார் யாருக்கோ போன் போட்டேன், கெஞ்சினேன், அழுதேன். ஒரு இடம் கிடைத்தது.

மறுபடி போன் அடித்தபோது, ஏறிவிட்டதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

“ஏம்மே, நான் எறங்கிட்டேன்.”

“இன்னாய்யா சொல்றே?”

“ஒரு புள்ளத்தாச்சிய தூக்கியாந்தாங்க. ரத்தமா போய்க்கினு கீது, பாவம். எடை தாங்காதுன்னாங்க. யாராச்சும் எறங்கணுமில்ல? எனுக்கு இப்ப வலி கம்மியாதான் கீது. நாளிக்கு மறுபடி ஹெலிகாப்டர் வரும்மே.”

“யோவ், நீயும் நோயாளிதான்யா! ஓடிப்போய் ஏறுய்யா!” ரூம் சாவிக்காக நின்றவர்கள் என்னையே பார்த்தார்கள்.

“கெளம்பிடுச்சும்மே.”

மறுநாள் மழை விடவில்லை, ஹெலிகாப்டரும் வரவில்லை. அதற்கடுத்த நாள் அது வந்தபோது அவர் இல்லை.

அந்தப் பெண்ணுக்குப் பெண் குழந்தை, இரண்டு உயிரும் பிழைத்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். நன்றாக இருக்கட்டும். அவர் செய்தது பெரிய காரியம் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பெருமை வேண்டாம். கொஞ்சம் சுயநலமாக, எனக்காக, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம், பாவி மனுஷன்.